கோணிய பல்லும் குறுகிய தாடையும்

ஒழுங்கின் அருமையை நம் சங்க அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தறியின் அச்சில் ஒரு பல் வளைந்தால் துணி நெடுகக் கோடு விழும். காப்பி நாற்றுகளை நெருக்கி நட்டால் செடிகள் ஒன்றையொன்று முட்டி மெலியும். நம் பிள்ளைகளின் வாயிலும் இதே நியதிதான் நடைபெறுகிறது.

பல் கோணுவது வெறும் அழகுக் குறை என்று கருதுவோர் பலர். தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்பாரும் உண்டு. ஆனால் நெருங்கிய பற்களின் இடுக்கில் உணவுத் துணுக்குகள் தங்கிவிடும். துலக்கினாலும் எளிதில் போகாது. அதனால் சொத்தையும் ஈறு நோயும் உண்டாகலாம். முன்னே நீண்ட மேற்பற்கள், மலைச்சரிவில் ஓடியாடும் பிள்ளை இடறி விழுந்தால் முதலில் அடிபடும். மேலும் கீழும் பொருந்தாத பற்களால் மெல்லுதலும் சில எழுத்துகளின் உச்சரிப்பும் கெடுவதுண்டு.

மூன்று வகைகள்

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899ஆம் ஆண்டில் இக்குறைகளை மூன்றாக வகுத்தார். முதல் வகையில் கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தியிருக்கும். மற்றப் பற்களே நெருங்கியோ திரும்பியோ நிற்கும். இரண்டாம் வகையில் கீழ்ப்பல் வரிசை பின்தங்கியிருக்கும். மூன்றாம் வகையில் அது முன்தள்ளி நிற்கும். இன்றும் மருத்துவர்கள் இந்தப் பகுப்பைக் கையாளுகின்றனர்.

காரணங்கள் யாவை?

முதலாவது, பரம்பரை. தாடை சிறிதாகவும் பற்கள் பெரிதாகவும் அமைந்தால் இடம் போதாது. இரண்டாவது, பழக்கம். நான்கைந்து வயதைக் கடந்தும் விரல் சூப்பினால் மேற்பற்கள் முன்வரும். தீராத மூக்கடைப்பாலோ, மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்னும் சதை பெருத்ததாலோ வாயால் மூச்சு விடும் குழந்தைக்கு மேல்தாடை குறுகக்கூடும். மூன்றாவது, பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளவுபட்டிருத்தல்.

நான்காவது காரணமே நம் கையில் உள்ளது. அது பாற்பற்களை அலட்சியம் செய்தல். "விழப்போகிற பல்தானே" என்று சொத்தையை விட்டுவிடுகிறோம். பாற்பல் இருபதும், பின்வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்கும் காவலர்கள். கடைவாய்ப் பாற்பல் காலத்துக்கு முன்னரே போய்விட்டால் பக்கத்துப் பல் அவ்விடத்தில் சாய்ந்து ஆக்கிரமித்துக்கொள்ளும். உரிய பல் வழியின்றிக் கோணி முளைக்கும். ஆறு வயதில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் முளைப்பது நிலைப்பல். அதையும் பாற்பல் என்று எண்ணி இழந்துவிடுவோர் பலர்.

ஒன்று கவனிக்க: எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்களிடையே சிறு இடைவெளி தோன்றுவது பெரும்பாலும் இயற்கையே. கோரைப்பற்கள் முளைக்கும் பதினோரு, பன்னிரண்டு வயதில் அது தானே மூடிக்கொள்ளக்கூடும்.

சிகிச்சை முறை

ஏழு வயதளவில் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நன்று. பாற்பல் போன இடத்தைக் காக்க ஒரு சிறு வளையம் பொருத்தினால் பின்னாளில் பெருஞ்செலவு மிஞ்சலாம். வளரும் வயதில் தாடையின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் கருவிகளும் உண்டு.

கம்பி கட்டுதல், கிளிப் போடுதல் என்று நாம் சொல்லும் சிகிச்சையின் தத்துவம் எளிது. மெல்லிய அழுத்தத்தை இடைவிடாது கொடுத்தால், பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே நகரும். ஆதலால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். இடம் போதாவிடில் சில பற்களை எடுக்கவும் நேரும். முடிந்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்கத் தாங்கு தகடு அணிய வேண்டும். வீட்டில் ரப்பர் வளையம் மாட்டிப் பல்லை இழுப்பது பேராபத்து. அது ஈறுக்குள் ஏறிப் பல்லையே உதிர்த்துவிடக்கூடும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது தாடைக்குப் பொருந்தும். வளர்ச்சி நின்றபின் தாடையின் பெருங்குறைக்கு அறுவைச் சிகிச்சையே வழி. ஆனால் ஈறும் எலும்பும் நலமாயிருந்தால் ஐம்பதிலும் பல் நகரும்.

நமது மலையும் சங்கமும்

ஒண்டிக்கடையிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் செலவும் செய்து, இரண்டாண்டுகள் சென்றுவருவது காப்பித் தோட்டத் தொழிலாளிக்கு எளிதன்று. பாதியில் நிறுத்தினாலோ பட்ட பாடு வீண். ஆகவே தொடங்குமுன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சேலத்திலும் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. சென்னையிலோ, 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் கட்டணம் தனியாரிடத்தைவிடப் பொதுவாகக் குறைவு. பிறவிப் பிளவுள்ள குழந்தைகளை, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் கண்டறிந்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகின்றனர். அக்குழு வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறலாகாது.

ஒருவரால் இயலாததைப் பலர் கூடி இயற்றுவதே கூட்டுறவு. ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே நாளில் சிகிச்சைக்குச் செல்ல ஏற்பாடு செய்தால், பெரியவர் ஒருவர் அனைவரையும் அழைத்துச் செல்லலாம். மற்றவர்களின் கூலி மிஞ்சும். சிக்கனச் சேமிப்பில் மாதம் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கலாம். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதனை அங்கத்தினர்கள் ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம். அதற்கு முன்பாக, இன்றிரவே ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் வாயைத் திறந்து பார்ப்பது காசில்லாத முதல் வேலை.