மேட்டூர் காலியா?

“அண்ணா, மேட்டூர் காலியா?”

“மேட்டூர்ல ஆள் இருக்காங்க மேடம். கொல்லிமலை பத்து நிமிஷத்துல காலியாயிடும்.”

“கொல்லிமலைல ஏசி ஓடலையே?”

“அப்ப பிச்சாவரம் போங்க. நாலு பேர்தான் உக்கார முடியும்.”

பழைய மாமல்லபுரம் சாலையின் (ஓ.எம்.ஆர்.) கண்ணாடிக் கட்டடங்களில் இந்தப் பேச்சு இன்று சர்வ சாதாரணம். மீட்டிங் ரூம்களுக்கு எண் போட்டு அழைத்த காலம் மலையேறிவிட்டது. மலைகளே மீட்டிங் ரூம்களாகிவிட்டன. ஜாலிக்குப் பஞ்சமே இல்லை.

காவிரி என்ற அறையை பெங்களூரு டீமோடு பேசுகிறவர்கள் காலை முதல் மாலை வரை பிடித்துவைத்துக்கொண்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ‘காவிரியைத் திறந்துவிடச் சொல்லுங்கப்பா’ என்று சாட்டில் மெசேஜ் பறக்கிறது. மேட்டூரின் கதவு சாத்தியிருந்தால் ‘ஜூன் 12 வரைக்கும் பொறுக்கணும்’ என்கிறார் ஒருவர். அவர் தஞ்சாவூர்ப் பக்கம் என்று விசாரிக்காமலே சொல்லிவிடலாம். குறுவைக்கு அணை திறக்கும் தேதி வேறு யாருக்கு நாக்கு நுனியில் இருக்கும்?

பெயர் வைக்கும் வைபவமும் சுவாரசியம்தான். புது மாடி தயாரானதும் அட்மின் பிரிவிலிருந்து ஒரு ஃபார்ம் வரும். ஆளாளுக்குச் சொந்த ஊரை எழுதுவார்கள். மதுரைக்காரர்கள் கட்சி கட்டிக்கொண்டு ஓட்டுப் போடுவார்கள். மூன்றாம் மாடிக்கு ஆறுகள், நான்காம் மாடிக்கு மலைகள், ஐந்தாம் மாடிக்குக் கோயில் நகரங்கள் என்று பங்கீடு நடக்கும். அப்புறம் கழித்துக்கட்டும் படலம். பெயர் கதவோரத்துச் சின்னத் திரையில் அடங்க வேண்டும். கடல் தாண்டிப் பேசும் க்ளையன்ட்டின் வாயில் நுழைய வேண்டும். கங்கைகொண்ட சோழபுரம் இந்த இடத்தில்தான் ‘ஜி.கே.சி.’ ஆனது. ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை போய்ச் சம்பாதித்த பெயர், உள்ளங்கை அகலத் திரையிடம் தோற்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கை. அறை பிடிக்கும் மென்பொருளில் பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் வருகின்றன. பட்டியலின் தலையில் இருப்பதால் ஆனைமலைக்கு எப்போதும் தள்ளுமுள்ளு. கடைசியில் கிடக்கும் ஏற்காட்டைத் தேடிப் போவார் இல்லை. அவசரக் கூட்டம் என்றால் நேரே ஏற்காட்டுக்குப் போய்விடுங்கள்.

இதெல்லாம் ஐ.டி. கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1977 சுதந்திர தினத்தன்று ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸுக்கு ஆற்றின் பெயர். தென்காசிப் பக்கம் போகும் ரயிலுக்கு மலையின் பெயர், பொதிகை. டெல்லித் தமிழ்நாடு இல்லங்களுக்கும் வைகை, பொதிகை என்றுதான் பெயர். சென்னை ஐ.ஐ.டி. விடுதிகளில் நாட்டின் பாதி ஆறுகள் ஓடுகின்றன.

கம்பெனிகளின் பெயர்ப் பட்டியலைக் கையில் வாங்கி வரிசையாகப் படித்தால்தான் எனக்கு உறுத்துகிறது. மெரினா, மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், ஊட்டி, கொடைக்கானல், பாம்பன், கன்னியாகுமரி. சுற்றுலாத் துறையின் காலண்டரைத் தாள் தாளாகக் கிழித்துக் கதவில் ஒட்டியதுபோல் இருக்கிறது. 1984இல் மாமல்லபுரம், 1987இல் தஞ்சை, 2005இல் நீலகிரி மலை ரயில் என்று யுனெஸ்கோ முத்திரை வாங்கிய இடங்களுக்கு ஒரு மீட்டிங் ரூம் சேர்த்துத் தரும் பெருமை என்ன? பாம்பனில் 1914இல் திறந்த பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் புதுப் பாலமே வந்துவிட்டது. நான் பார்த்த ஓர் அறையின் கண்ணாடியில் பழைய பாலத்தின் படம் ஓரம் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அறைக்குப் பெயர் அடையாளத்துக்குத்தானே தவிர புவியியல் பாடத்துக்கு இல்லை, புதிதாகச் சேர்கிறவருக்கு எண்தான் வசதி என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும். என் உறுத்தல் இந்தப் பட்டியலில் இல்லாத இடங்களைப் பற்றியது.

பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடிக்குப் போய், பேன்ட்ரி ஜன்னல் வழியாக மேற்கே பாருங்கள். கோரையும் தண்ணீருமாக விரிந்து கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பருவம் வாய்த்தால் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். கூழைக்கடாக்கள் கனத்த உடம்போடு வந்து இறங்கும். வடக்கு ஓரத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. காபி குடித்துக்கொண்டே தினமும் இதைப் பார்க்கிறவர்கள், கூட்டத்துக்குப் போவது பிச்சாவரத்துக்கு. 2022இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பிச்சாவரமும் பள்ளிக்கரணையும் ஒன்றாகத்தான் ஏறின. பிச்சாவரத்தில் படகுச் சவாரி உண்டு, ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த பெருமை உண்டு. அதனால் அதற்கு ஓர் அறை கிடைத்தது. பள்ளிக்கரணைக்கு ஒரு ஃபோன் பூத் கூட இல்லை.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த நிலம் இது. வீடு, சாலை, குப்பை, கல்லூரி, ஆஸ்பத்திரி, ஐ.டி. பூங்கா என்று ஆளுக்கொரு பக்கமாகத் தின்றது போக மிஞ்சியது ஒரு சிறு பங்குதான். 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். ராம்சார் எல்லைக்குள் இருப்பது சுமார் 1,248 ஹெக்டேர். அந்த எல்லையை ஒட்டிக் கட்டட அனுமதி தரலாமா என்ற வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கேதான் வந்து சேரும். கீழ்க்கட்டளை நிரம்பினால் நாராயணபுரத்துக்கு, நாராயணபுரம் நிரம்பினால் பள்ளிக்கரணைக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக ஓ.எம்.ஆருக்கு அடியில் புகுந்து பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்து, தெற்கே முட்டுக்காட்டில் கடல் சேரும். இத்தனை ஏரித் தண்ணீருக்கும் முக்கிய வடிகால் அந்த ஒரு மடுவுதான். அதற்கு மேலிருக்கும் பாலத்தைத் தாண்டித்தான் ஆயிரக்கணக்கான கம்பெனி பஸ்களும் பைக்குகளும் தினமும் போகின்றன. ‘ஒக்கியம் மடுவு எங்கே இருக்கு?’ என்று நான் விசாரித்தவர்களில் சரியாகக் கை காட்டியவர் ஒரு வேன் டிரைவர்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் முங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023இல் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். ‘எங்கிருந்துதான் இவ்வளவு தண்ணி வந்துச்சோ’ என்று கேட்டவர்களில் எத்தனையோ பேர், மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள். தாங்கள் வாடகை கொடுக்கும் அடுக்ககத்துக்குப் பின்னாலிருக்கும் ஏரியின் பெயரை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. கூகுள் மேப்பில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

தண்ணீர் வராத வருஷத்துக் கதையும் உண்டு. 2019 கோடையில் சென்னை ஏரிகள் காய்ந்தபோது, ஓ.எம்.ஆரில் பல அலுவலகங்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. லாரித் தண்ணீர் வந்தால் கட்டடம் ஓடும், இல்லையென்றால் பூட்டு. அந்த வருஷமும் காவிரி, வைகை, தாமிரபரணி மூன்றும் கதவில் பளபளவென்று இருந்திருக்கும். இதே கடற்கரையில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் வந்தது. 2024இல் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரக்கூடிய இரண்டாவது ஆலையும் சேர்ந்துகொண்டது. தென்சென்னையின் குழாயில் இன்று வருவதில் கடல் தண்ணீரும் உண்டு. நெம்மேலி என்று எங்கேயாவது அறை இருக்கிறதா?

இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம். காலை ஏழரைக்கு, ஊழியர்கள் வருவதற்கு முன்பே, நீலச் சேலைச் சீருடையில் ஒரு அக்கா ‘கொடைக்கானல்’ கதவை ஸ்ப்ரே அடித்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முந்தின நாள் கைரேகைகள் முழுக்க ‘கொ’வின் மேல்தான் இருக்கும், கைப்பிடி அங்கே இருப்பதால். அவர் வருவது கண்ணகி நகரிலிருந்து. துரைப்பாக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைக் கொண்டுவந்து அரசு குடியமர்த்திய இடங்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன் என்று எங்கே பார்த்தாலும் அங்கிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். கொடைக்கானலுக்குப் போயிருக்கிறீர்களா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். “டெய்லி மூணு வாட்டி போறேன் சார்” என்றார் சிரித்துக்கொண்டே.

கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் மேலாக வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். ஓர் இடத்தின் அடையாளச் சின்னம் என்று சொல்ல இன்னும் என்ன வேண்டும்? ஆனால் அந்தப் பெயரை ஃபார்மில் எழுதியவர் ஒருவரும் இல்லை. எழுதினாலும் ஓட்டு விழாது.

அடுத்த மாடிக்குப் பெயர் தேடும் அட்மின் நண்பர் ஒருவருக்கு நானே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அடுத்தடுத்து மூன்று அறைகள் இருந்தால் கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பள்ளிக்கரணை. தண்ணீர் வரும் வரிசை மாறக்கூடாது. குறுகலான அறைக்கு ஒக்கியம் மடுவு; அதில் ஒரு கூட்டம் இழுத்தால் பின்னால் நிற்கும் அத்தனை கூட்டமும் தேங்கும். வாட்டர் கூலருக்குப் பக்கத்தில் நெம்மேலி. டவுன்ஹாலுக்குக் கண்ணகி நகர். லிஃப்டை ஒட்டிய கடைசி அறைக்கு முட்டுக்காடு, எல்லாம் வெளியேறும் இடம் என்பதால். கதவில் பெயருக்குக் கீழே ஏரியின் பரப்பையும், கடைசியாகக் கலங்கல் வழிந்த வருஷத்தையும் சின்ன எழுத்தில் போடலாம் என்றும் குறித்திருந்தேன்.

நண்பர் பொறுமையாகப் படித்தார். “நல்லாருக்கு சார். இதுல முட்டுக்காடு மட்டும் எடுத்துக்கறேன்” என்றார். “அங்கதான் போட்டிங் இருக்கு.”