அழிந்தும் அழியாத எழுத்து

நுழையும்முன்

ஏட்டிலுள்ள எழுத்தை அழித்துவிட்டு அதன்மேல் வேறொன்றை எழுதினால், முன்பு எழுதியது என்னவாகும்? மறைந்துவிடும் என்றே எண்ணுவோம். கெய்ரோவில் கிடைத்த சில தோல் ஏடுகள் வேறு விடை தருகின்றன.

அழித்தெழுதும் வழக்கம்

காகிதம் பரவுவதற்கு முன்னர் மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் பதப்படுத்திய விலங்குத் தோலில் நூல்களை எழுதினர். ஒரு நூலுக்கே பல விலங்குகளின் தோல் தேவைப்பட்டது. எனவே, பயன்பாடு குறைந்த நூலின் எழுத்துகளைக் கழுவியும் சுரண்டியும் நீக்கி, அத்தோலிலேயே புதிய நூலை எழுதினர். இத்தகைய ஏடு 'பாலிம்செஸ்ட்' எனப்படும். 'மீண்டும் சுரண்டப்பட்டது' என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஆயினும், தோலில் ஊறிய மை முற்றிலும் நீங்குவதில்லை.

கெனிசா என்னும் அறை

பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைக்கூடம் உள்ளது. இறைவனின் பெயர் எழுதப்பட்ட ஏடுகள் நைந்துபோனாலும் அவற்றை எறிதல் தகாது என்பது யூதர் மரபு. ஆதலால், அவற்றைக் 'கெனிசா' என்னும் அறையில் இட்டுவைத்தனர். கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896-97இல் அங்கிருந்து ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கொண்டுவந்தார். அவற்றுள் சிலவற்றில் எபிரேய வரிகளுக்கு அடியில் மங்கிய கிரேக்க எழுத்துகள் தென்பட்டன.

அடியெழுத்தும் மேலெழுத்தும்

அடியில் இருந்தது அக்கிலாவின் மொழிபெயர்ப்பு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர், எபிரேய விவிலியத்தைச் சொல்லுக்குச் சொல் கிரேக்கத்தில் பெயர்த்தவர். செயப்படுபொருளை உணர்த்தும் 'எத்' என்னும் எபிரேய இடைச்சொல்லைக்கூட விட்டுவிடாமல், 'உடன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் குறித்தார். அவருடைய நூல் பிறர் காட்டிய மேற்கோள்கள் வழியாகவே அறியப்பட்டிருந்தது. இவ்வேடுகளில் கிடைத்த அரசர்கள் நூலின் பகுதிகளை 1897இல் பர்கிட் என்னும் அறிஞர் வெளியிட்டார். கிரேக்க வரிகளிடையே இறைவனின் பெயர் மட்டும் தொன்மையான எபிரேய எழுத்தில் இருந்தது.

மேலே எழுதப்பட்டிருந்தவையும் அரியனவே. அவை, கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் யன்னாய் என்னும் புலவரின் வழிபாட்டுப் பாடல்கள். அடிகளின் முதலெழுத்துகளில் தம் பெயர் அமையப் பாடுவது அவர் வழக்கம். அதுவரை பெரிதும் பெயரளவிலேயே அறியப்பட்டிருந்த அவருடைய பாடல்களை 1919இல் இஸ்ரேல் டேவிட்சன் பதிப்பித்தார். இவ்வாறு ஒரே தோலிலிருந்து மறைந்துபோன இரு நூல்கள் மீண்டன.

அழிவே காப்பாதல்

எகிப்திலும் மேற்காசியாவிலும் அரபு மொழி ஓங்கியபோது, கிரேக்கம் படிப்போர் குறைந்தனர். படிப்பாரற்ற நூல் வெறுந்தோலாயிற்று. எனினும், மேலே எபிரேயப் பாடல்கள் எழுதப்பட்டதால்தான் அத்தோல் கெனிசாவை அடைந்தது. சுரண்டிய கையே அறியாமல் நூலைக் காத்தது எனலாம். இன்று புற ஊதாக் கதிரும் பல அலைநீள ஒளிப்படமும் இத்தகைய ஏடுகளின் அடியெழுத்தைப் படிக்க உதவுகின்றன. ஆனால், கருவி காட்டும் எழுத்தை உணர அம்மொழி அறிந்தோர் வேண்டும். நூலின் வாழ்வு ஏட்டில் மட்டும் இல்லை. அதனைப் படிப்போரிடமும் உள்ளது.