டெம்பரேச்சர் முள் இறங்கினால் நிம்மதியா? மலைப்பாதையில் கூலன்ட் ஒழுகினால் என்ன செய்வது

மதுரையிலிருந்து அழகர்கோவில் 21 கிலோமீட்டர்தான். புதூர், கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக பெரும்பாலும் சமதளமான சாலை. சிக்கல் கோயிலைத் தாண்டிய பிறகு. பழமுதிர்சோலைக்கும் அதற்கு மேலே நூபுர கங்கைக்கும் போகும் பாதை ஒரே ஏற்றம், கூடவே வளைவுகள். படுக்கை, தண்ணீர் டேங்க், கேஸ் அடுப்பு, குடும்பம் என அத்தனையையும் சுமக்கும் கேம்பர் வேன் இங்கே குறைந்த கியரில் ஊர்ந்துதான் ஏறும். வேகம் இல்லாததால் ரேடியேட்டரில் காற்று அடிக்காது. வெளியே 40 டிகிரி வெயில், உள்ளே ஏசி. ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சின்ன ஒழுகல் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

வண்டிக்குக் கீழே சொட்டினாலே பதற வேண்டாம். ஏசி தண்ணீராக இருக்கலாம். அது நிறமில்லாமல், வாசனை இல்லாமல் இருக்கும். பச்சை, பிங்க், ஆரஞ்சு நிறத்தில் லேசாகப் பிசுபிசுத்து, இனிப்பு வாசனை அடித்தால் கூலன்ட். (நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம்.) ஒழுகல் இன்ஜினுக்குள்ளேயும் இருக்கலாம். அப்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகிவிடும். அதற்கு வழியில் வைத்தியம் கிடையாது.

பலர் ஏமாறுவது டெம்பரேச்சர் முள்ளில்தான். மேலே ஏறிய முள் திடீரென்று கீழே இறங்கும். "அப்பாடா, குளிர்ந்திருச்சு" என்று ஓட்டிக்கொண்டே போவார்கள். அந்த சென்சார் கூலன்ட்டில் முழுகியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் இறங்கலாம். ஏற்றத்தில் முள் காரணமில்லாமல் விழுந்தால் அதையும் ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏசியை அணைத்து, வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். ஆட்களை இறக்கிவிடுங்கள். அடுப்பு எரிந்தால் அணைத்து, சிலிண்டர் வால்வை மூடுங்கள். சூடான சைலன்ஸர் குழாயில் கூலன்ட் தெறித்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஈகோ போன்ற வண்டிகளில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதனால் ஆவி வரும்போது சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியைத் திறப்பதுதான் இதில் பெரிய விபத்து. பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தால் கூலன்ட் 120 டிகிரியிலும் திரவமாகவே நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். ஓஸை அழுத்தினால் கல் மாதிரி இருக்கக் கூடாது, மெத்தென்று இருக்க வேண்டும். அதன் பிறகு தடித்த துணி போட்டு, மெதுவாகத் திருகலாம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். இன்ஜின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், கை ஜாக்கிரதை.

அடுத்து வரும் யோசனை இது: "இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விட்டா அடிவாரம் போயிரலாம்." இதை மட்டும் செய்யவே கூடாது. இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு பூஸ்டர் உதவி கிடைக்கும். நின்றுவிட்டால் இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பெடல் இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். பாரம் ஏற்றிய வேன், குறுகலான வளைவு, எதிரே பக்தர்கள் வரும் வண்டி. இன்ஜின் கெட்டால் பணத்தோடு போகும், இதில் உயிர் போகும்.

ஆறிய பிறகு பாருங்கள். ஓஸ் கிளிப் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரே போதும். ஓஸ் நுனியில் கிழிசல் என்றால், அந்த அங்குலத்தை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். நடுவில் கிழிந்திருந்தால், தன்மீதே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். நூறு, இருநூறு ரூபாய் சமாசாரம், டூல் பாக்ஸில் கிடக்கட்டும். மஞ்சள் தூள் கொட்டி ஓட்டையை அடைக்கும் பழைய டிரைவர் வைத்தியமும் உண்டு. ஆனால் அது மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். கூலன்ட் இல்லையென்றால் கேன் தண்ணீர் ஊற்றலாம். போர் தண்ணீர் என்றால் உப்பு படியும், ஊர் திரும்பியதும் முழுக்கக் கழுவி மாற்ற வேண்டும். வாட்டர் பம்பிலோ ரேடியேட்டரிலோ ஒழுகினால் ஓட்டாதீர்கள். தொழிற்பேட்டை இருக்கும் புதூர் இங்கிருந்து 15 கிலோமீட்டருக்குக் குறையாது. "மெதுவா ஓட்டிரலாம்" என்று கிளம்பினால் பாதி வழியில் ஹெட் கேஸ்கெட் போய்விடலாம்.

1033-ஐ நம்பியிருக்க வேண்டாம், அது தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண். மேலூர் வழியாகப் போகும் மதுரை - திருச்சி நான்குவழிச் சாலையில் உதவும், அழகர்கோவில் சாலையில் உதவாது. இங்கே கைகொடுப்பது இன்சூரன்ஸில் இருக்கும் ரோடுசைடு அசிஸ்டன்ஸ். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள், எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன் கீழே சிந்திய கூலன்ட்டைத் துணியால் ஒற்றியெடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இனிப்புச் சுவைக்காக நாய் நக்கும், மலை முழுக்கக் குரங்குகள் வேறு. மிச்சக் கூலன்ட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வேனில் குழந்தைகள் இருப்பார்கள்.