நேரலையில் விவசாயி குரல்: ஏற்ற சவுண்ட் கார்டு எது?

“ஐயா, மருந்து எவ்வளவு கலக்கணும்?” சமுதாய வானொலியின் நேரலையில் விவசாயி ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “லிட்டருக்கு 2 மில்லி” என்று வல்லுநர் சொல்லும்போது எதிரொலி குறுக்கிடுகிறது. விவசாயியின் காதில் விழுவது ‘2 மில்லி’ மட்டுமே. அதை 10 லிட்டர் டேங்குக்கு ஊற்றினால், சேர வேண்டிய மருந்தில் பத்தில் ஒரு பங்குதான் சேரும். பூச்சி சாகாது, தெளித்த கூலியும் வீண்.

வேளாண் அறிவியல் நிலையங்களும் வேளாண் பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த 2006-ல் வழி திறந்தது. இந்த நிலையங்களில் தொலைபேசி நேரலைக்குக் கணினியைப் பயன்படுத்துவோர், சவுண்ட் கார்டு வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது.

தாமதம் ஏன்?

கிணற்றில் வாளி போட்டு நீர் இறைப்பது போன்றதே இது. கணினி, ஒலியை வாளி வாளியாக அள்ளுகிறது. இந்த வாளிக்கு ‘பஃபர்’ என்று பெயர். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கார்டில், 1,024 மாதிரி பிடிக்கும் வாளி நிரம்ப சுமார் 21 மில்லி விநாடி ஆகும். 256 என்றால் சுமார் 5 மட்டுமே. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இந்தக் காத்திருப்பு உண்டு. வாளியை மிகவும் சிறிதாக்கினால் பழைய கணினி ஈடுகொடுக்காது. ‘பட் பட்’ என ஒலி வெடிக்கும். 256-ல் தொடங்கி, வெடித்தால் 512-க்கு மாற்றலாம்.

வாங்கும்போது கவனிக்க

* விண்டோஸ் கணினி என்றால், கார்டு தயாரிப்பாளரே தரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் இருக்க வேண்டும்.
* குறைந்தது 2 உள்வழி, 4 வெளிவழி தேவை. ஒரு ஜோடி வெளிவழி ஒலிபரப்புக்கு, மற்றொன்று தொலைபேசிக்கு.
* பேசுபவர் தன் குரலைத் தாமதமின்றி ஹெட்போனில் கேட்க ‘டைரக்ட் மானிட்டரிங்’ வசதி வேண்டும்.
* செல்போனில் இணைக்க, ஒலியை மைக் அளவுக்குக் குறைத்துத் தரும் கேபிள் தேவை.
* யு.எஸ்.பி. கார்டை ஹப் வழியாக அல்லாமல் கணினியில் நேரடியாகச் செருக வேண்டும்.

இரண்டாவது குறிப்பே முக்கியம். அழைத்தவருக்கு, அவருடைய குரலை நீக்கிய மற்ற ஒலி மட்டுமே திரும்பப் போக வேண்டும். இதை ‘மிக்ஸ் மைனஸ்’ என்பார்கள். இதற்குத் தனி வெளிவழி இல்லாவிட்டால், எவ்வளவு வேகமான கார்டு வாங்கினாலும் அழைத்தவருக்குத் தன் குரலே எதிரொலிக்கும்.

தொலைபேசி வலையமைப்பின் தாமதத்தை எந்தக் கார்டாலும் நீக்க முடியாது. எனவே, அழைப்பவர் பக்கத்திலுள்ள வானொலிப் பெட்டியை அணைக்கச் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை ‘லிட்டருக்கு’, ‘ஏக்கருக்கு’ என்ற சொல்லுடன் இரண்டு முறை கூறி, விவசாயியையும் திருப்பிச் சொல்லவைத்த பிறகே அழைப்பைத் துண்டிப்பது நல்லது.