கரும்பும் கணினியும்

நுழையும்முன்

புதிய மென்பொருள் வந்துவிட்டால் வேலை எளிதாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. எவ்வளவு எளிதாகும், யாருக்கு எளிதாகும், எளிதானதை எப்படி அறிவது ஆகிய வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கடலூர் மாவட்டத்துக் கரும்பு வயல்களையும் சர்க்கரை ஆலைகளையும் முன்வைத்து அவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

வயல் முதல் வங்கி வரை

கடலூரிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் நெல்லிக்குப்பம். இங்கு 1842ஆம் ஆண்டில் தோன்றிய சர்க்கரை ஆலை, இந்தியாவின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளுள் ஒன்று. ஈ.ஐ.டி. பாரி நிறுவனம் இதனை நடத்துகிறது. மாவட்டத்தின் தென்பகுதியில், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியில், சேத்தியாத்தோப்பில் எம்.ஆர். கிருஷ்ணமூர்த்தி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. ஒன்று தனியார் ஆலை. மற்றொன்று கூட்டுறவு ஆலை. ஆயினும் சர்க்கரை ஆலை எதுவாயினும் வயலுக்கும் அரவைக்கும் இடையிலான வேலையின் தொடர் ஏறக்குறைய ஒன்றே.

கரும்பை நட்ட உழவர், ஆலையின் கோட்ட அலுவலகத்தில் அதனைப் பதிவு செய்கிறார். நட்ட நாள், இரகம், நிலத்தின் பரப்பு, புதுநடவா மறுதாம்பா என்னும் விவரம் அனைத்தும் ஏட்டில் ஏறுகின்றன. பயிர் முதிர்வதற்குப் பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும். ஆனால், முதிர்ந்த கரும்பு முழுவதையும் ஒரே நாளில் வெட்ட இயலாது. ஆலை ஒரு நாளில் அரைக்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே வரிசைப்படி வெட்டு உத்தரவு வழங்கப்படுகிறது. பிறகு வெட்டும் ஆட்கள், வண்டி, எடைமேடை, அரவை, பட்டியல், பிடித்தம், வங்கிக் கணக்கு எனப் பல கைகளைக் கடந்த பின்னரே உழவரிடம் பணம் வந்து சேர்கிறது.

இக்கைகள் ஒவ்வொன்றிலும் முன்பு தனித்தனி ஏடு இருந்தது. எடைமேடையில் எழுதப்பட்ட எண், கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒருமுறை தவறாகப் படியெடுக்கப்படவும் கூடும். இந்த ஏடுகள் அனைத்தையும் ஒரே மென்பொருளில் இணைக்கும் அமைப்பையே தொழில் உலகம் ‘ஈ.ஆர்.பி.’ எனச் சுருக்கமாக அழைக்கிறது. நிறுவன வளங்களைத் திட்டமிடும் அமைப்பு என அதற்குப் பொருள் கூறலாம்.

தெரிந்து தெளிவோம்

நெல்லிக்குப்பம் பகுதிச் சிற்றூர்களுக்குக் கணினி மிக முன்னதாகவே வந்துவிட்டது. 2001ஆம் ஆண்டளவில் ஈ.ஐ.டி. பாரி நிறுவனம் ‘இந்தியாக்ரிலைன்’ என்னும் இணையச் சேவையைத் தொடங்கி, உழவர்களுக்கான தகவல் நிலையங்களை இப்பகுதியில் அமைத்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியில் உருவான ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் அதற்குத் துணைநின்றது.

எண் இருந்தால் மட்டும் போதுமா?

ஓர் ஆலை இத்தகைய மென்பொருளைக் கொண்டுவர முடிவு செய்கிறது எனக் கொள்வோம். “எல்லாக் கோட்ட அலுவலகங்களிலும் கணினி பொருத்தப்படும், பணியாளர் அனைவருக்கும் பத்து நாள் பயிற்சி அளிக்கப்படும், பொங்கலுக்குள் அமைப்பு செயல்படத் தொடங்கும்” என்று திட்ட அறிக்கை கூறுகிறது. இவை எண்ணிப் பார்க்கத்தக்கவையே. எனினும் இவை செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலே தவிர, இலக்குகள் ஆகா. இவை அனைத்தும் நிறைவேறிய பின்னரும் வெட்டிய கரும்பு வரப்பில் காய்ந்துகொண்டு கிடக்கலாம்.

நாளையே இலக்காகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் சான்றாகும். நான்கு ஆண்டுகள் தேவைப்படும் என மதிப்பிடப்பட்ட மென்பொருள் மாற்றத்தை அந்நிறுவனம் இரண்டரை ஆண்டுகளில் முடித்து, 1999 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் திருநாளே அங்கு மிட்டாய் வணிகத்தின் உச்சம். அந்தப் பருவத்தில் சரக்கு கிடங்கில் இருந்தும், ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள சாக்லேட்டுகளை உரிய காலத்தில் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை.

சர்க்கரை ஆலையின் உண்மையான இலக்கைக் கரும்பே சொல்லிவிடுகிறது. வெட்டப்பட்ட கரும்பில் உள்ள சுக்ரோஸ், நேரம் செல்லச் செல்ல, குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் சிதைகிறது. அவ்வாறு சிதைந்தது சர்க்கரைப் படிகமாகத் திரளாது. அதனால்தான் வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் அரைத்துவிட வேண்டும் என்று வேளாண் அறிஞர் வலியுறுத்துவர். காயும் கரும்பு எடையையும் இழக்கிறது. எடைக்கே பணம் பெறும் உழவருக்கு அது நேரடி இழப்பு. சர்க்கரை குறைவதால் ஆலைக்கும் இழப்பு. மேலும், கரும்பின் நியாய ஆதாய விலை சர்க்கரைப் பிழிதிறனோடு பிணைக்கப்பட்டுள்ளது. 2024–25 பருவத்திற்கு நடுவண் அரசு 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய் என அறிவித்தது. ஆகவே, மென்பொருளின் முதல் இலக்கு வெட்டுக்கும் அரவைக்கும் இடைப்பட்ட மணிநேரத்தைக் குறைப்பதாகத்தான் இருக்க முடியும்.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது?

‘24 மணி நேரம்’ என்று எழுதியவுடன் அடுத்த வினா எழுகிறது. எந்த நொடியிலிருந்து 24 மணி நேரம்? ஆலையின் கணினிக்குத் தெரிந்த முதல் நேரம், வண்டி வாயிலுக்குள் நுழையும் நேரமே. அங்கிருந்து கணக்கிட்டால் எண் அழகாக அமைந்துவிடும். வண்டிகளை வாயிலுக்கு வெளியே சாலையோரம் நிறுத்திவைத்தால் அந்த எண் இன்னும் அழகாகும்! கரும்போ வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

எனவே, கடிகாரம் வயலில் தொடங்க வேண்டும். அவ்வாறாயின் வெட்டு தொடங்கிய நேரத்தை யாராவது வயலிலிருந்தே பதிய வேண்டும். வெட்டும் ஆட்களின் மேஸ்திரியோ கோட்டத்தின் களப்பணியாளரோ கைப்பேசி வழியாக அதனைச் செய்யலாம். இந்த வசதி மென்பொருளில் இருக்கிறதா என்பதை அதனை வாங்குவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். இலக்கைத் தெளிவாக எழுத முற்பட்டபோதுதான் இத்தேவையே கண்ணுக்குப் புலப்பட்டது என்பதைக் கருத வேண்டும்.

அடுத்த சிக்கல் சராசரி. பத்து வண்டிகளில் ஒன்பது வண்டிகளின் கரும்பு 18 மணி நேரத்தில் அரைக்கப்பட்டது. ஒரு வண்டியின் கரும்பு 58 மணி நேரம் காத்திருந்தது என்க. மொத்தம் 220 மணி. சராசரி 22 மணி. ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று அறிக்கை எழுதிவிடலாம். பத்தாவது வண்டிக்குரிய உழவரின் இழப்பு அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறது. அவர் பெரும்பாலும் ஆலையிலிருந்து மிகத் தொலைவில் உள்ளவராகவோ, ஆள் கிடைக்காத சிறு நிலத்துக்காரராகவோ இருப்பார். ‘நூறு வண்டிகளில் 95 வண்டிகள் 24 மணி நேரத்திற்குள்ளும், எஞ்சியவற்றுள் எதுவும் 36 மணி நேரத்தைத் தாண்டாமலும் அரைக்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் அவருக்கும் அதில் இடம் உண்டு.

முன்னர் எடுத்த அளவு

இன்று எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது தெரியாமல் நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று இலக்கு வைப்பது வீண். மென்பொருள் வருவதற்கு முந்தைய பருவத்திலேயே, பழைய ஏடுகளைக் கொண்டே, சில நூறு வண்டிகளுக்காவது இக்கணக்கை எடுத்துவைக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் தவறவிடும் பணி இதுவே. புதிய அமைப்பு வந்த பிறகு பழைய நிலையை அளக்க யாராலும் முடியாது.

எடுத்த அளவை ஒப்பிடும்போது மாதத்தோடு மாதத்தையே ஒப்பிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வற்றாத சிதம்பரம் வட்டாரத்து வயலுக்குள் லாரி இறங்காது; மாசி மாதத்தில் தடையின்றி இறங்கும். மழைக்காலத்து எண்ணை மாசி மாதத்து எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு மென்பொருளைப் பாராட்டுவது பொருந்தாது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ‘தானே’ புயலைப் போன்ற பேரிடர் நேருமாயின், அந்நாள்களைத் தனியே குறித்துவைக்க வேண்டும். அவற்றைக் காரணம் காட்டி இலக்கைத் திருத்தக் கூடாது.

பணம் வந்துசேரும் நாள்

இரண்டாவது இலக்கை ஆலை தேட வேண்டியதில்லை; சட்டமே வகுத்திருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பு ஒப்படைக்கப்பட்ட 14 நாள்களுக்குள் அதற்குரிய பணம் வழங்கப்பட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி உண்டு. ஓர் ஏக்கரில் 40 டன் விளைவித்தவருக்கு டன்னுக்கு 3,400 ரூபாய் வீதம் 1,36,000 ரூபாய் சேர வேண்டும். ஒரு மாதத் தாமதத்திற்கு வட்டி மட்டும் 1,700 ரூபாய். அந்தப் பணத்தை நம்பித்தான் மறுதாம்புக்கு உரம் வாங்குவதும் பயிர்க்கடனைத் திருப்புவதும் அமைகின்றன.

ஆனால், இங்கு ஒரு வரையறை தேவை. சர்க்கரை விற்பனை மந்தமாகி ஆலையிடம் பணம் இல்லாதபோது எந்த மென்பொருளாலும் பணத்தை உண்டாக்க இயலாது. மென்பொருள் பொறுப்பேற்கத்தக்கது, எடை பதிவானது முதல் பட்டியல் தயாராவது வரை உள்ள நாள்களுக்கு மட்டுமே. அதற்கு ‘மூன்று நாள்கள்’ என இலக்கு வைத்தால், 14 நாள்களில் எஞ்சிய பதினொரு நாள்களுக்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்பதும் தெளிவாகிவிடும்.

விரைவை மட்டும் அளந்தால் பிழை மலியும். ஆதலால் விரைவுக்குத் துணையாகப் பிழையின் அளவையும் சேர்த்தே எழுத வேண்டும். தொடக்கத்தில் ஒரு கோட்டத்தில் மட்டும் பழைய ஏட்டையும் புதிய மென்பொருளையும் இரண்டு மாதங்கள் இணையாக நடத்தி, ஆயிரம் பட்டியல்களில் எத்தனை வேறுபடுகின்றன என எண்ணலாம். இரண்டுக்கு மேற்பட்டவை வேறுபட்டால் அடுத்த கோட்டத்திற்குச் செல்வதில்லை என்பதை முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்டுவிட வேண்டும். வேலை பாதியில் நிற்கும்போது எவருக்கும் ‘நிறுத்து’ என்று சொல்ல மனம் வராது.

உழவரும் சரிபார்க்கக் கூடியவராக இருத்தல் இன்றியமையாதது. உத்தரப் பிரதேசத்தில் கரும்பு வழங்குவதற்கான காகிதச் சீட்டு, அண்மை ஆண்டுகளில் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக மாறியுள்ளது. வெட்டு உத்தரவின் வரிசை எண்ணும் எடைமேடையில் பதிவான எடையும் எடை போட்ட சில நிமிடங்களில் தமிழில் கைப்பேசிக்கு வந்தால், ஆலையின் எண்ணை உழவர் தம் கணக்கோடு வைத்துப் பார்ப்பார். கைப்பேசி இல்லாதவருக்காக அதே எண்கள், வாரந்தோறும் திங்கட்கிழமை காலை, கோட்ட அலுவலகத்தின் பலகையில் எழுதப்படலாம்: கடந்த வாரம் வந்த வண்டிகள் எத்தனை, 24 மணி நேரத்திற்குள் அரைக்கப்பட்டவை எத்தனை, மூன்று நாள்களைக் கடந்தும் பட்டியல் போடப்படாதவை எத்தனை.