தொண்ணூறு வயதுக்காரரை ‘நாட்டின் பண்பாட்டுச் சொத்து’ ஆக்கிய கொரியா: தெரியுமா?

கொரியா என்றதும் டேக்வாண்டோதானே நினைவுக்கு வருகிறது? அந்தப் பெயர் 1955-இல்தான் சூட்டப்பட்டது, தெரியுமா? அதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே டெக்கியோன் என்றொரு கால்சண்டை இருந்தது. ஒரு கட்டத்தில் அந்தக் கலையே ஏறக்குறைய ஒரே ஒரு மனிதரின் கால்களில்தான் மிச்சமிருந்தது என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் சோங் டோக்-கி. பிறந்தது 1893-இல், சியோல் நகரின் சாஜிக்-டோங் பகுதியில், இன்வாங் மலையடிவாரத்தில். அப்போது கொரியாவை ஆண்டது ஜோசோன் அரசவம்சம்! பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இம் ஹோ என்ற ஆசானிடம் சேர்ந்தார். கோயில், மடம், ரகசியக் குகை என்றெல்லாம் சினிமாக் கற்பனை வேண்டாம். டெக்கியோன் தெருப்பிள்ளைகளின் விளையாட்டு. சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் டானோ திருவிழாவில் மேலூரும் கீழூரும் மோதிக்கொள்ளும். முதலில் பொடியன்கள் இறங்குவார்கள், அப்புறம்தான் பெரியவர்கள்.

இனிதான் வேடிக்கையே. சண்டைக்காரர் என்றால் எட்டி நின்று தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா? டெக்கியோனில் அது கூடாது! ஒரு காலை எதிராளிக்கு எட்டும் தூரத்தில் நீட்டி வைத்தே ஆகவேண்டும். ‘இந்தா, தட்டிக்கொள்’ என்று தன் காலையே விருந்து வைப்பதுதான் விதி. எதிராளியைக் கீழே விழவைத்தால் வெற்றி; காலால் முகத்தைத் தொட்டாலும் வெற்றி. ஆனால் எலும்பு நொறுங்க உதைக்கக் கூடாது, பாதத்தால் தள்ளுவதுபோல உதைக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரனை முடமாக்கிவிட்டால் அடுத்த வருஷம் யாரோடு விளையாடுவது?

பார்ப்பவருக்கு இது சண்டையாகவே தெரியாது. முழங்காலை மடக்கி, இடுப்பை அசைத்து, மூன்று புள்ளிகளை மாறி மாறி மிதித்துக்கொண்டே இருப்பார்கள். கைகள் காற்றில் அலையும். நடுநடுவே ‘இக்!’, ‘எக்!’ என்று ஒரு கூவல். ஆட்டமா, அடிதடியா என்று யோசிப்பதற்குள் கால் முகத்துக்கு வந்துவிடும்! யூ சுக் என்ற ஓவியர் 1846-இல் தீட்டிய ஓர் ஓவியத்தில் இந்த ஆட்டமும் மல்யுத்தமும் ஒன்றாக நடக்கின்றன. சுற்றிலும் கூட்டம், மிட்டாய்க்காரர் உட்பட.

அப்படிக் களைகட்டிய விளையாட்டு எங்கே போனது? 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. கூட்டம் கூடி உதைத்துக்கொள்வதை அடக்கியது. 1945-இல் விடுதலை வந்தபோது ஆடத் தெரிந்தவர்கள் சிதறிப்போயிருந்தார்கள். சோங் மட்டும் விடவில்லை. ஆனால் அவர் அதை மட்டுமே கட்டிக்கொண்டு அழுதவரும் இல்லை. கால்பந்து ஆடினார், வில்வித்தையில் கைதேர்ந்தவர். 1958-இல் அதிபர் சிங்மன் ரீயின் பிறந்தநாள் விழாவில் டெக்கியோன் ஆடிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 65!

சரி, ஒற்றை ஆள் உடம்பில் இருக்கும் கலையை எப்படிக் காப்பாற்றுவது? அங்கே வந்து சேர்ந்தார் சுங்ஜு நகரத்து ஷின் ஹான்-சுங். இவர் மல்யுத்த வீரர். கிழவரிடம் கற்றதையெல்லாம் வரிசைப்படுத்தி, பாடமாக்கி, அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். 1983-இல் டெக்கியோன் அரசின் பட்டியலில் 76-ஆம் எண் பண்பாட்டுச் சொத்தானது. இந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் சண்டைக்கலை இதுதான்! சோங்கும் ஷினும் அந்தக் கலையைக் கைவசம் வைத்திருப்பவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். சோங்குக்கு அப்போது 90 வயது. கொரிய வழக்கில் இப்படிப்பட்டவர்களை மனித உருவிலான பண்பாட்டுச் சொத்து என்பார்கள். கட்டடத்துக்கும் சிலைக்கும் தரும் மரியாதையை மூச்சுவிடும் மனிதருக்கும் தருவது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

விதியைப் பாருங்கள்: குருவும், அவரைவிட முப்பத்தைந்து வயது இளைய சீடரும் ஒரே ஆண்டில், 1987-இல், காலமானார்கள். அறிவிப்பு நான்கு வருஷம் தள்ளிப்போயிருந்தால்?

நல்லவேளை, அதற்குள் அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டிருந்தது. 2011-இல் யுனெஸ்கோவும் டெக்கியோனைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. டேக்வாண்டோவின் தாய் இதுதான் என்று பெருமை பேசுவோரும் உண்டு. அதை அப்படியே விழுங்க வேண்டாம், டேக்வாண்டோவின் முன்னோடிகளில் பலர் ஜப்பானில் கராத்தே பயின்றவர்கள். இன்று டெக்கியோனுக்கே தனித்தனிச் சங்கங்கள். கிழவர் கற்றுத்தந்த அசல் அடி எங்களுடையதுதான் என்று ஒவ்வொன்றும் சொல்கிறது. கீழே விழுந்தவன் தோற்றவன் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து!