அழாத குழந்தையின் துயரம்

பெற்றோரை இழந்த குழந்தை பாட்டியிடமோ சித்தியிடமோ தாய்மாமனிடமோ போய்ச் சேர்வது தமிழ்நாட்டில் காலங்காலமாக நடந்துவருவதே என்றாலும், அந்தக் குழந்தைக்கும் அதை ஏற்றுக்கொண்ட உறவினருக்கும் இடையில் பிணைப்பு எவ்வாறு உருவாகிறது, எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்பதை அறிவியல் முறையாக ஆராயத் தொடங்கியது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். இரத்த உறவு இருந்தால் பாசம் தானாக ஊறிவிடும் என்ற நம்பிக்கையை அந்த ஆய்வுகள் ஓரளவுக்கு மேல் ஏற்கவில்லை. நாள்தோறும் நிகழும் மிகச் சிறிய கொடுக்கல் வாங்கல்களே பிணைப்பைக் கட்டுகின்றன என்றும், துயரத்தில் இருக்கும் குழந்தை அவற்றைத் தானே முறித்துவிடக்கூடும் என்றும் அவை காட்டுகின்றன.

பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, போரில் வீடிழந்த குழந்தைகளின் நிலை குறித்து உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில் எழுதிய அறிக்கை 1951-இல் வெளியானது. குழந்தை தாயைப் பற்றிக்கொள்வது பாலுக்காக மட்டுமல்ல, அச்சம் நேரும்போது ஓடிச்சென்று ஒண்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற, பிறவியிலேயே அமைந்த தேவையாலும்தான் என்று அவர் பின்னாளில் விரித்துக் கூறினார். இதையே பற்றுப் பிணைப்பு என்கிறோம். அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், பெற்றோர் உடனிருக்க அனுமதிக்கப்படாத அக்கால மருத்துவமனைகளில் சிறு குழந்தைகளைப் பொறுமையாகக் கவனித்து, பிரிவின் துயரம் மூன்று கட்டங்களாக நகர்வதைக் கண்டார். முதலில் குழந்தை வீறிட்டு அழுது எதிர்க்கிறது; பிறகு நம்பிக்கை இழந்து சோர்ந்து கிடக்கிறது; மூன்றாவதாக, அழுகையை நிறுத்தி, கொடுத்ததை உண்டு, யாரிடமும் ஒட்டாமல் அமைதியாகிவிடுகிறது. இந்த மூன்றாவது கட்டத்தைத்தான், குழந்தை தேறிவிட்டது என்று மருத்துவமனைப் பணியாளர்கள் எண்ணி நிம்மதியடைந்தார்கள். உண்மையில் அது விலகல்; இனி யாரையும் நம்புவதற்கில்லை என்று குழந்தை உள்ளூர எடுத்துக்கொண்ட முடிவு.

இந்தத் தவறு மருத்துவமனையோடு நின்றுவிடுவதில்லை. காரியம் முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட சில வாரங்களில், "புள்ள மறந்துட்டு நல்லா வெளையாடுது" என்று உறவினர்கள் தங்களுக்குள் ஆறுதல் கூறிக்கொள்வதைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கலாம். குழந்தைகளின் துயரம் பெரியவர்களின் துயரத்தைப்போல் தொடர்ந்து ஓடுவதில்லை. பத்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போவதும், விளையாட்டின் நடுவே திடீரென்று சினந்து பொருள்களை எறிவதும், ஏற்கெனவே விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவதும் அதன் இயல்பான வடிவங்கள். ஆகவே ஒரு குழந்தை விளையாடுகிறது என்பது துயரம் இல்லை என்பதற்கும் சான்றாகாது, துயரத்தை அடக்குகிறது என்பதற்கும் சான்றாகாது. அச்சமோ வலியோ நேர்கையில் அது யாரிடம் போகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியும் வராகீசுவரர் கோயிலும் கொண்ட தாமல் போன்ற ஊரில், அக்காள் இறந்தபின் அவளுடைய எட்டு வயது மகளைத் தன்னிடம் அழைத்துக்கொண்ட, நெசவை நம்பி வாழும் ஒரு சித்தியை எண்ணிப் பார்க்கலாம். தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து மிதிபலகையை மிதித்துக்கொண்டிருக்கும் அவளுக்குப் பள்ளி விட்டு வரும் குழந்தையின் காலடி கேட்கிறது. குழந்தை அவளைப் பார்க்காமல் பையை மூலையில் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போகிறது. முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறது, ஆனால் அது சொல்லவில்லை. "என்ன ஆச்சு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறது. தறியை நிறுத்தினால் கூலி குறையும் என்ற கவலையோடு இருப்பவள், ஒன்றுமில்லை என்ற பதிலை ஏற்றுக்கொண்டு நாடாவை மீண்டும் எறிவது எளிது. தானே போய்ச் சிராய்ப்பைக் கழுவி மருந்திடுவது கடினம், ஏனெனில் குழந்தை காலை இழுத்துக்கொள்ளவும் கூடும்.

அமெரிக்க உளவியலாளர் மேரி டோசியர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது ஏறத்தாழ இந்தக் கணத்தைத்தான். வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட மழலைகள், அதிலும் ஒரு வயதை ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்தவர்கள், வலியிலும் அச்சத்திலும் வளர்ப்புத் தாயை நாடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் அல்லது தேற்ற வந்த கையைத் தள்ளினார்கள். அந்தத் தாய்மார்களோ, குழந்தைக்குத் தாங்கள் தேவையில்லை என்று புரிந்துகொண்டு, அன்பில் குறையில்லாதவர்களாக இருந்தும் படிப்படியாக ஒதுங்கினார்கள். குழந்தை காட்டும் குறிப்பு ஒன்று, அதன் தேவை வேறொன்று. ஆகவே குறிப்புக்கு மறுமொழி தராமல் தேவைக்கு மறுமொழி தரும்படி வளர்ப்பவரைப் பழக்கும் பத்து அமர்வுகள் கொண்ட ஒரு பயிற்சியை டோசியரின் குழு வகுத்தது. 50 வளர்ப்புத் தாய்–குழந்தை இணைகளைக் கொண்டு 2001-இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில், குழந்தை புதிய தாயிடம் பாதுகாப்பான பிணைப்பை அடைந்ததா என்பது, அது எந்த வயதில் வந்தது என்பதைவிட, அந்தத் தாய் தன் சொந்த இளமைக்கால உறவுகளை மனத்தில் எவ்வாறு வைத்திருக்கிறாள் என்பதோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. டோசியர் கண்டது மழலைகளிடம் என்றாலும், எட்டு வயதுக் குழந்தையிடமும் இந்தத் தள்ளலும் ஒதுங்கலும் நிகழ்வதை வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

தேவைக்கு வளர்ப்பவர் தரும் மறுமொழி குழந்தையின் உடலுக்குள்ளும் வேலை செய்கிறது. அச்சம் நேரும்போது மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்த அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. இது காலையில் உயர்ந்து மாலையில் தாழ்வதே நலமான ஒழுங்கு. நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகிலிருந்தால், தடுப்பூசி போடும்போதும் மழலையின் கார்ட்டிசால் பெரிதாக உயர்வதில்லை என்று மேகன் கன்னாரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். பெற்றோரின் இறப்பு இந்தக் காப்பை ஒரே நாளில் பறித்துவிடுகிறது. அந்தப் பொறுப்பை மற்றொரு மனிதர் ஏற்கும்வரை குழந்தையின் உடல் தனியாகவே அச்சத்தைச் சுமக்கிறது. வயிற்றுவலி, தூக்கமின்மை, பாடத்தில் மனம் நிலைக்காமை என்று ஆசிரியர்கள் குறைகூறும் பலவற்றின் வேர் இங்கே இருக்கக்கூடும்.

உறவினர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்பதில் பெரிய நன்மை உண்டு. கிளாஸ்கோ நகரில் 60 மழலைகளைத் தொடர்ந்து கவனித்த ஷாஃபரும் எமர்சனும், ஒன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவரிடம் பிணைப்புக் கொண்டிருந்ததை 1964-இல் தெரிவித்தார்கள். கோடை விடுமுறையில் மடியில் கிடத்தித் தலைவாரிவிட்ட சித்தி, இறப்புக்கு முன்பே அந்தச் சிறு வட்டத்தில் இருந்திருப்பாள். ஆனால் உறவினருக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு: குழந்தை யாரை இழந்ததோ அவரையே உறவினரும் இழந்திருக்கிறார். அக்காளின் சாயல் அக்குழந்தையின் முகத்தில் தெரியும்போதெல்லாம் சித்தி கண்கலங்கி எழுந்து போனால், தன்னைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வருகிறது என்று குழந்தை கணக்குப்போட்டு, தாயின் பெயரை எடுப்பதையே விட்டுவிடும். அன்பின் மிகுதியால் ஒருவரை ஒருவர் காக்க முயன்று இருவரும் வாய்மூடிக்கொள்ளும் இந்த நிலையை உறவினர்கள் கண்டுகொள்வது அரிது. துயரத்தில் இருக்கும் வளர்ப்பவருக்கு ஆறுதல் தருவது குழந்தைக்குச் செய்யும் நேரடி உதவியே.

வாய்மூடுதல் முதல் நாளிலேயே தொடங்குவதும் உண்டு. பிணம் கிடக்கும் வீட்டிலிருந்து குழந்தையை அக்கம்பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றோ சாமியிடம் போயிருக்கிறாள் என்றோ கூறுவது பரிவினால்தான். ஆனால் ஹங்கேரியக் குழந்தைகளை ஆராய்ந்து மரியா நாகி 1948-இல் எழுதியதைப்போல், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் இறப்பைப் பயணமாகவோ உறக்கமாகவோ கருதுகிறார்கள். போனவர் திரும்புவார் என்று வாசலைப் பார்த்திருக்கும் குழந்தை, நாள்கள் கடந்ததும், தான் அடம்பிடித்ததால்தான் அம்மா வரவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடலாம். உடல் நின்றுவிட்டது, இனி வலியோ பசியோ இல்லை, திரும்ப வரமாட்டாள், இதில் உன் தவறு எதுவும் இல்லை என்று எளிய சொற்களில் கூறுவதும், குழந்தை மீண்டும் மீண்டும் கேட்கும்போது அதே சொற்களில் கூறுவதுமே சரியான வழி.

புதிய பிணைப்பு பழையதை அழித்துவிட்டு எழ வேண்டியதில்லை என்பதும் இப்போது நன்கு ஏற்கப்பட்ட கருத்து. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் பெற்றோரில் ஒருவரை இழந்த 125 குழந்தைகளை ஆராய்ந்த ஃபிலிஸ் சில்வர்மேனும் வில்லியம் வோர்டனும், இறந்தவரோடு மனத்தளவில் உறவைத் தொடர்வது நோயின் அறிகுறி அன்று என்று காட்டினார்கள். படத்துக்கு விளக்கேற்றுவது, அமாவாசைப் படையலில் அம்மாவுக்குப் பிடித்த பண்டத்தை வைப்பது, அவளுடைய புடவையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குவது ஆகியவற்றுக்கு நம் வீடுகளில் இடம் இருக்கிறது. அவற்றில் குழந்தையின் கையும் பட விடுவதே தேவை. அம்மா என்று தன்னை அழைக்கும்படி சித்தி வற்புறுத்தாமல் இருப்பதும் இதைச் சேர்ந்ததே.

நெசவாளர் வீட்டில் இதற்கு மேலும் ஒரு கவலை உண்டு. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைப் புடவையை நெய்ய, தறியில் இருவர் அருகருகே அமர வேண்டும்; அந்தத் துணைக்கையாக முன்பு பிள்ளைகளே அமர்த்தப்பட்டதைக் காஞ்சிபுரம் வட்டாரம் அறியும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் குழந்தை உதவுவதை அனுமதிக்கிறது. அங்கே குடும்பம் என்பதில் பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் அடங்குகிறார்கள். சித்தியின் அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பது பிணைப்புக்கு நல்லது. ஆனால் நன்றிக்கடனாக அக்குழந்தை ஒவ்வொரு மாலையும் தறியில் உட்காரும் நிலை வந்தால், தன் இடத்தை உழைத்தே காக்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். வறுமையே இந்த நெருக்கடியை உண்டாக்குவதால், அரசின் உதவித்தொகை இங்கே உளவியல் மருந்தும் ஆகிறது. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாய் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் அறிவித்தது; காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளான 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அன்புக்கரங்கள் திட்டம், எந்தக் காரணத்தால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தருகிறது.

பணத்தோடு வளர்ப்பவருக்குப் பயிற்சியும் கிடைத்தால் பலன் நீடிக்கும் என்பதற்குச் சான்று உண்டு. அரிசோனாவில் இர்வின் சாண்ட்லரின் குழு 156 குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், குழந்தையோடு தனியாகச் சிறிது நேரம் செலவிடுதல், குறுக்கிடாமல் கேட்டல், ஒழுங்கைக் கடுமையின்றிக் காத்தல் ஆகியவற்றை வளர்ப்பவர்கள் கற்ற வீடுகளின் குழந்தைகளிடம் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் நற்பயன் தெரிந்தது. நம் ஊர்களில் அத்தகைய உதவிக்கு முதலில் அணுக வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் வழிகேட்கலாம்.

எப்போது உதவி நாடுவது என்பதில் பாஸ்டன் ஆய்வின் மற்றொரு முடிவு பயன்படும். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் இழக்காதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு, முதல் ஆண்டின் இறுதியில் தெரிந்ததைவிட இரண்டாம் ஆண்டின் இறுதியில் தெளிவாகத் தெரிந்தது. தலைத்திவசம் முடிந்ததும் உறவுக்காரர்களின் வருகை குறைந்து, பள்ளியிலும் வகுப்பாசிரியர் மாறி, தாயை இழந்த பிள்ளை என்பதே நினைவிலிருந்து நழுவும் காலமும் அதுவே. புதிய ஆசிரியரிடம் அதைச் சொல்லிவைக்கும் வேலை சித்தியுடையது.